முன்னவனும் பின்னவனும்

சிறு வயதில் நான் கற்ற பாடசாலையில் சித்திர பாடத்துக்கென்று தனி அறை இருந்ததில்லை. ஆசிரியர் வகுப்பறையின் முன்னாலுள்ள மேசைமீது ஒரு மண்குடத்தை வைப்பார். அதன் அருகே இரண்டு மாங்காய்களை வைப்பார். "பார்த்து வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிடுவார். முன்வாங்கில் இருந்தோர்க்குக் குடம் தெரியும். பின்வாங்கில் இருந்த எங்களுக்கோ முன்வாங்கினரின் முதுகுகள்தாம் தெரியும். ஆகவே முன்னால் இருந்தவனுடைய கொப்பியை எட்டிப் பார்த்து நாங்கள் வரைந்தோம். அவன் குடத்தின் கழுத்தைக் கோணலாக வரைந்தால் எங்கள் குடங்களுக்கும் கழுத்துக் கோணிற்று. ஒருநாள் அவன் தன் மனம்போல் மூன்றாவது மாங்காய் ஒன்றையும் சேர்த்துவிட்டான். பின்வாங்கு முழுவதிலும் மும்மூன்று மாங்காய்கள் காய்த்தன. "நான் வைத்தவை இரண்டு, மற்றதை எந்த மரத்தில் பறித்தீர்கள்?" என்று ஆசிரியர் கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை.

பல்லாண்டுகள் கழிந்தபின், பிரான்சு நாட்டுக் கேலிச்சித்திரங்கள் அடங்கிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுது, அந்தப் பின்வாங்கு மீண்டும் என் கண்முன் வந்து நின்றது.

அச்சித்திரம் 1865ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிஸ் மாநகரில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது 'ஷாரிவாரி' என்னும் நகைச்சுவைப் பத்திரிகை. சட்டிபானைகளைத் தட்டி ஊரார் எழுப்பும் கேலி ஆரவாரத்துக்குப் பிரெஞ்சு மொழியில் அப்பெயர் வழங்கும். வரைந்தவர் ஒனோரே தோமியே. திறந்தவெளியில் ஓவியர் இருவர், ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, முழுக் கவனத்தோடு வேலை செய்கின்றனர். முன்னவன் தன் எதிரேயுள்ள நிலக்காட்சியைப் பார்த்து எழுதுகின்றான். பின்னவனுக்கு அந்தக் காட்சியைப்பற்றி யாதொரு கவலையும் இல்லை. அவன் பார்ப்பது முன்னவனுடைய படத்தை. முன்னவன் இயற்கையைப் பிரதி செய்கிறான், பின்னவன் முன்னவனைப் பிரதி செய்கிறான் என்னும் கருத்துப்படச் சில சொற்கள் படத்தின் கீழே அச்சாகியிருக்கின்றன. அவ்வளவுதான். நம் மாணவர் மொழியிற் சொன்னால், கொப்பியடித்தல்!

பார்த்தவுடன் சிரிப்பு வருகின்றது. பின்னவனைப் பார்த்தே எல்லாரும் சிரிப்பர். ஆனால் அந்த வாசகத்தை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். முன்னவன் செய்வதற்கும் பின்னவன் செய்வதற்கும் அதில் வழங்கப்பட்டிருப்பது ஒரே வினைச்சொல். இருவருமே பிரதி செய்கிறவர்கள். பின்னவனை அடித்த பிரம்பு முன்னவன் முதுகிலும் மெல்லப் பட்டுவிடுகின்றது. அன்றைய பாரிஸ் வாசகர்க்கு அந்த இரண்டாவது அடியும் நன்றாகவே விளங்கியிருக்கும். அதற்குக் காரணம் அறிய, அக்காலத்து ஓவியர் ஏன் இப்படிக் கூட்டங்கூட்டமாக வெளியிலே வந்து குந்தியிருந்தனர் என்பதைச் சற்று அறிதல் வேண்டும்.

பிரான்சின் அரச ஓவிய மரபில் நிலக்காட்சி ஓவியத்துக்கு நெடுங்காலம் தாழ்ந்த ஆசனமே கிடைத்துவந்தது. புராணக் கதைகளையும் வரலாற்று வீரரையும் எழுதியவரே பெரிய ஓவியர். மரத்தையும் மலையையும் எழுதுகிறவன் அவற்றினிடையே ஓர் உரோம வீரனையோ கிரேக்கத் தேவதையையோ நிறுத்திவைத்தால் ஓரளவு மதிப்புக் கிடைக்கும். உரோமாபுரிக்குச் சென்று கற்பதற்கான அரசுப் பரிசில், 'வரலாற்று நிலக்காட்சி' என்ற பிரிவு 1817இல் சேர்க்கப்பட்டது, 1863இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வரலாறு மெல்ல மெல்ல நழுவி, நிலக்காட்சிமட்டும் எஞ்சியது.

இதற்குத் துணைசெய்த பொருள் மிகவும் அற்பமானது. அதுவரை ஓவியர் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைத்திருந்தனர். துளையிட்டால் மீண்டும் மூட இயலாது. வழியிலே வெடித்தால் உடுப்பெல்லாம் பாழ். இலண்டனில் வாழ்ந்த ஜோன் ரான்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841இல், திருகு மூடியுள்ள வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பற்பசைக்கு வழங்கும் குழாயின் மூதாதை அதுவே. வண்ணங்களைப் பெட்டியிலிட்டுத் தோளிற் போட்டுக்கொண்டு ஓவியன் எங்கும் புறப்படலாம் என்றாயிற்று. 1849இல் பாரிசிலிருந்து பொந்தன்புளோக் காட்டுப்புறத்துக்குப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டது. பிறகு கேட்கவேண்டுமா?

அக்காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூர் ஓவியர்களின் உறைவிடமாயிற்று. தியோதோர் ரூசோவும் (தத்துவஞானி ரூசோ வேறு, இவர் வேறு) உழவர் வாழ்வை எழுதிப் புகழ்பெற்ற மில்லேயும் அங்கே குடியிருந்தனர். கான் என்பவர் நடத்திய விடுதியில் தங்கிய இளம் ஓவியர் மழைநாட்களில் வெளியே செல்ல இயலாமல் விடுதியின் சுவர்களிலும் அலுமாரிக் கதவுகளிலும் எழுதிவைத்த படங்களை இன்றும் காணலாம். அவ்விடுதி இப்பொழுது நூதனசாலையாகிவிட்டது. காட்டு மரங்களை வெட்டலாகாது என்று ஓவியர் தொடர்ந்து முறையிட்டதன் பயனாக, 1861இல் அரசாங்கம் அக்காட்டின் 1,097 ஹெக்டேர் பரப்பைக் 'கலைக்குரிய ஒதுக்கிடம்' என்று பிரகடனஞ் செய்தது. ஓவியம் எழுதுவோரின் கண்ணுக்காகவே ஒரு காடு காக்கப்பட்டமை வியப்பன்றோ! பெருமை ஒருபுறமிருக்க, மறுபுறத்திலே வேடிக்கையும் வளர்ந்தது. நல்ல மரம் ஒன்றைக் கண்டு ஒருவர் தாங்கியை நிறுத்தினால், அவர் அருகே இன்னொருவர் வந்துவிடுவார். மரத்தினும் மரத்தை எழுதியவர் புகழ்பெற்றவராயின், பின்னால் வந்தவர் எதைப் பார்ப்பது என்பதிற் குழப்பம் ஏற்படுதல் இயல்பே.

இனி, முன்னவன்மீது பட்ட அடியைப் பார்ப்போம். 1839இல் தாகேர் கண்ட ஒளிப்பட முறை உலகறியச் செய்யப்பட்டது. உள்ளதை உள்ளவாறு பதிவதே கலையென்றால் இனி ஓவியன் எதற்கு என்ற வினா எங்கும் எழுந்தது. கவிஞர் போதலேர் 1859ஆம் ஆண்டின் பெரிய ஓவியக் கண்காட்சியைப்பற்றி எழுதியபோது, இயற்கையை அப்படியே பிரதி செய்வதுதான் கலை என்னும் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். கற்பனையே கலைஞனின் முதலாவது ஆற்றல் என்பது அவர் முடிபு. ஆகவே 1865இல் 'இயற்கையைப் பிரதி செய்கிறான்' என்று ஓர் ஓவியனைச் சொல்வது புகழா இகழா என்பதைக் கேட்பவர் எளிதில் துணியமுடியாது. அச்சொல்லின் நடுநிலையான முகத்திலேதான் குறும்பு ஒளிந்திருக்கின்றது.

மே மாதத்தில் வெளியிட்டதிலும் பொருளுண்டு. அம்மாதமே பாரிசிற் பெருங்கண்காட்சி தொடங்கும் காலம். அவ்வாண்டுக் கண்காட்சியில் மனே என்பவரின் 'ஒலிம்பியா' பெருங்கூச்சலை எழுப்பியது. அதே கூடத்தில் மொனே என்னும் புதிய இளைஞர் எழுதிய இரண்டு கடற்காட்சிகளும் முதன்முறையாக இடம்பெற்றன. பெயரொற்றுமையால் மயங்கியவர்கள் கடற்காட்சிகளுக்காக மனேயைப் பாராட்டினார்களாம். அவருக்கு வந்த கோபம் சிறிதன்று என்பர். யார் யாரைப் பார்த்து எழுதினார், யார் யாருடைய பெயரைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற பேச்சு நகரெங்கும் நிறைந்திருந்த வேளையிலே தோமியேயின் இருவரும் பத்திரிகையில் வந்து அமர்ந்தனர்.

இந்தத் தோமியே யார்? 1808இல் மார்செய் துறைமுக நகரிற் பிறந்தவர். தந்தையார் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கவிஞராகும் ஆசையால் குடும்பத்தோடு பாரிசுக்கு வந்தவர். கவிதை சோறு போடவில்லை. ஆதலால் மகன் சிறுவயதிலேயே நீதிமன்ற ஊழியர் ஒருவரிடம் ஏவலாளாகவும், பின் புத்தகக்கடைச் சிப்பந்தியாகவும் வேலைக்குப் போக நேர்ந்தது. கிடைத்த ஓய்வில் லூவர் நூதனசாலைக்குச் சென்று பழஞ்சிலைகளைப் பார்த்து வரைந்தார். பார்த்து வரைதலை அக்காலத்தில் எவரும் குறையாகக் கருதியதில்லை என்பதை மாணவர்கள் இங்கே கவனித்தல் வேண்டும். லூவரில் முன்னோர் படங்களைப் பிரதி செய்வது ஓவியக் கல்வியின் பகுதி. அரசாங்கமே தேவாலயங்களுக்கும் நகர மண்டபங்களுக்கும் அத்தகைய பிரதிகளை விலைகொடுத்து எழுதுவித்தது. அதனாற் பிழைத்த ஆடவரும் பெண்டிரும் பலர்.

1831இன் இறுதியில் தோமியே, மன்னர் லூயி பிலிப்பைக் கர்கந்துவா என்னும் கதைப் பூதமாக வரைந்தார். ஏழைகள் கூடை கூடையாகச் சுமந்துவரும் பணத்தை அப்பூதம் வாய்பிளந்து விழுங்குகின்றது. அதன் விலை ஆறு மாதச் சிறையும் 500 பிராங்கு தண்டமும். 1835இற் பிறந்த சட்டம் அரசியற் கேலிச்சித்திரங்களின் வாயை அடைத்தது. அரசனைத் தொட முடியாதவர் அரசனின் குடிகளைத் தொட்டார். வழக்கறிஞர், வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர், நாடகம் பார்ப்போர், ஓவியர் எனப் பாரிஸ் நகரத்தவர் அனைவரும் அவர் கல்லிலே விழுந்தனர்.

கல் என்றது உவமையன்று. அவர் தொழில் கல்லச்சு. பவேரியா நாட்டவராகிய செனெபெல்தர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிற் கண்டுபிடித்த முறை அது. நெய்ப்பசையுள்ள கரிய கோலால் சுண்ணக்கல்லின் வழவழப்பான முகத்திலே வரைந்து, கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை ஏலாது. வரையாத இடம் நீரைப் பற்றிக்கொள்ளும். பின்னர் மையுருளையை உருட்டினால் நெய்ப்பசையுள்ள கோடுகளில் மட்டுமே மை ஒட்டும். தாளில் வலம் இடமாகப் பதியும். ஆதலால் வரைபவர் எல்லாவற்றையும் மறுபுறமாகவே எண்ணிப் பழகவேண்டும். தேவையான படிகள் எடுத்து முடிந்ததும் கல்லை மணல்போட்டுத் தேய்த்து, அடுத்த படத்துக்கு ஆயத்தஞ் செய்வது வழக்கம். இவ்வாறு தோமியே வாழ்நாளில் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4,000. பத்திரிகைத் தாளின் ஒருபுறம் படம், மறுபுறம் செய்தி. இன்று எஞ்சியுள்ள படிகள் பலவற்றில் பின்பக்க எழுத்துக்கள் ஓவியத்தின் வானத்திலே நிழலாடுவதைக் காணலாம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தோமியேயின் படங்களின் கீழுள்ள வாசகங்களைப் பெரும்பாலும் அவர் எழுதுவதில்லை. பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்த எழுத்தாளரே எழுதிச் சேர்த்தனர். முன்னவன், பின்னவன் என்ற நறுக்குச் சொல்லும் அவருடையதென்று அடித்துக் கூறுவதற்கில்லை. ஆனால் வாசகத்தைக் கையால் மறைத்துவிட்டு அப்படத்தைப் பார்த்தேன்; பகடி அப்படியே நிற்கின்றது. முதுகு வளைந்திருக்கும் விதத்திலும் பார்வை செல்லும் திசையிலும் முழுக் கதையும் அடங்கிவிட்டது. சொல் அதற்கு ஒரு பட்டுக்குஞ்சம்.

ஓவியரை அவர் பகடி செய்தது இதுவே முதன்முறையன்று. 1855இல், பழமைவாதியான ஓவியர் ஒருவர் தலைக்கவசமன்றி வேறு ஆடையில்லாமல், வண்ணத்தட்டைக் கேடயமாகவும் கைதாங்கிக் கோலை ஈட்டியாகவும் ஏந்தி, மரச்செருப்பணிந்த குறுந்தடியரான உண்மைநெறி ஓவியரோடு போர்புரிவதாக வரைந்தார். 1862இல் 'வேலை செய்யும் நிலக்காட்சி ஓவியர்' என்று தலைப்பிட்ட படத்தில், வேலை செய்வதாகச் சொல்லப்பட்டவர்கள் நிழலிலே உடலைச் சாய்த்துக் கிடக்கின்றனர்! அவ்வோய்வும் வேலையின் ஒரு பகுதி என்று அவர்களுக்காக வாதாட எனக்கு விருப்பம். ஆயினும் படம் இடங்கொடுக்கவில்லை.

நிலக்காட்சி ஓவியரை இவ்வளவு கிண்டல் செய்தவர் அவர்களுக்குப் பகைவராக இருந்திருப்பார் என்று நினைப்போம். அவருடைய நெருங்கிய நண்பர்களே அவர்கள்தாம்! கொரோ, மில்லே, தியோதோர் ரூசோ, படகொன்றையே ஓவியக்கூடமாக்கி ஆற்றிலே மிதந்துகொண்டு எழுதிய தோபிஞி ஆகியோர் அவர்மேல் அளவற்ற மதிப்பு வைத்திருந்தனர். வெளியிலே வெயிலிற் காய்ந்து ஒரு மரத்தின் பச்சையைப் பிடிப்பதற்கு எத்தனை நாள் செல்லும் என்பதை அவர் அறிவார். அறிந்தவர் செய்த கேலியாதலால் அதில் நஞ்சில்லை.

அவரோ இயற்கைமுன் குந்துகிறவர் அல்லர்; மாதிரியை முன்னிறுத்தி வரைகிறவரும் அல்லர். தெருவிலே கண்டதை மனத்திலே கொண்டுவந்து, நினைவிலிருந்து கல்லிலே இறக்குவார். நினைவே அவருக்கு மாதிரியாக நின்றதென்று போதலேர் வியந்து எழுதினார். அதே போதலேர் 1845இலேயே, சித்திரக்கோட்டின் திறமையில் அவரைத் தெலக்ருவா, ஆங்க்ர் ஆகிய பேரோவியரோடு ஒருங்குவைத்துப் பேசியிருந்தார். அன்று அது பலருக்கு மிகைக்கூற்றாகவே பட்டிருக்கும். பத்திரிகைக்குப் படம் போடுகிற ஆளை அந்த வரிசையில் வைப்பதா?

அந்த ஆளுக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. வண்ண ஓவியராக வேண்டும் என்பதே அது. 1860இல் 'ஷாரிவாரி' அவரை நீக்கிவிட்டது. வாசகர்க்கு அவர் படங்கள் சலித்துவிட்டனவாம். ஐம்பத்திரண்டு வயதில் வருமானம் நின்றது; ஆனால் தூரிகைக்கு நேரம் கிடைத்தது. சலவைப் பெண்களையும், மூன்றாம் வகுப்புப் புகையிரதப் பெட்டியில் நெருங்கியிருக்கும் ஏழைகளையும் எழுதினார். நியூயோர்க் மெத்ரொபொலித்தன் நூதனசாலையிலுள்ள 'மூன்றாம் வகுப்புப் பெட்டி' முற்றுப்பெறவில்லை. அதனை உற்றுப் பார்த்தால், வண்ணத்தின் ஊடே கட்டங்கட்டமாக இட்ட கோடுகள் தெரிகின்றன. சிறு படமொன்றை அளவு பிசகாமற் கித்தானுக்கு மாற்றுவதற்காக இடும் கோடுகள் அவை. இயற்கையையும் பிறரையும் பாராமல் எழுதியவர், தம்மைத் தாமே பார்த்து எழுதியிருக்கிறார்! முன்னவனும் அவரே, பின்னவனும் அவரே.

1863இன் இறுதியில் பத்திரிகை அவரைத் திரும்ப அழைத்தது. வறுமை அவரை மறுபடியும் கல்லின்முன் உட்கார வைத்தது. அவ்வாறு திரும்பியவர் கையிலிருந்தே 1865இல் அந்த இரு ஓவியரும் பிறந்தனர். தம் விருப்பம்போல் நாள்முழுதும் வெளியிலிருந்து வண்ணந் தீட்டக்கூடிய இருவரை, அவ்வாறு செய்யக் காலமற்ற ஒருவர் வரைந்தார் என்று எண்ணும்போது, நான் முதலிற் சிரித்த சிரிப்புச் சற்று அடங்கிவிட்டது.

கேலியில் வந்த பின்னவன் மெய்யாகவே இருந்தான். பலராக இருந்தான். கொரோ இரக்கமிகுந்தவர், தம் படங்களை மாணவர்க்கும் அறிமுகமானவர்க்கும் பிரதி செய்யக் கொடுப்பார். அவர்கள் எழுதியதைத் தாமே திருத்தியும் கொடுப்பார். சிலவேளை கையொப்பமும் இட்டுவிடுவாராம். ஏழை ஓவியன் அதை விற்றுப் பிழைக்கட்டுமே என்பது அவர் எண்ணம். அதனால் வந்த வினை பெரிது. கொரோ எழுதியவை மூவாயிரம், அவற்றுட் பத்தாயிரம் அமெரிக்காவில் உள்ளன என்று ஓவிய வியாபாரிகள் ஒரு பழம்பகடி சொல்வர். எது முன்னவனுடையது, எது பின்னவனுடையது என்று பிரித்தறிய அறிஞர்கள் இன்றும் தலையை உடைத்துக்கொள்கின்றனர்.

தோமியே 1865ஆம் ஆண்டளவில் பாரிசை விட்டு வால்மொந்துவா என்னும் கிராமத்துச் சிறுவீட்டிற் குடியேறினார். கண்ணொளி வரவரக் குறைந்தது. வாடகை கொடுக்க இயலாமல் இடர்ப்பட்ட காலத்தில் கொரோ அவ்வீட்டையே வாங்கி, நண்பர் மனம் நோகாதபடி அவருக்கு அளித்தார் என்ற வரலாறு இன்றும் வழங்கிவருகின்றது. 1878இல் நண்பர்கள் பாரிசில் துராந்த் ருவெல் என்பவரின் கூடத்திலே தோமியேயின் வண்ண ஓவியங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தனர். விக்தர் ஹியூகோ கௌரவத் தலைவராக இருந்தார். கேலிச்சித்திரக்காரர் என்று மட்டும் தாம் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தவர் வண்ண ஓவியரும் ஆவார் என்பதை நகரத்தவர் பலர் அப்பொழுதே அறிந்தனர். வந்தோர் தொகை செலவுக்குக் கட்டவில்லை. அந்தக் கூடத்தின் சுவர்களிலே தம் படங்கள் வரிசையாகத் தொங்கிய காலத்தில், அவர் ஏறக்குறையக் குருடராகிவிட்டிருந்தார்.

மறு ஆண்டு பெப்ரவரி மாதம் வால்மொந்துவாவில் அவர் காலமானார். 1880இல் அவருடைய உடலெச்சங்கள் பாரிசிலுள்ள பெர் லாஷேஸ் இடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குமுன் அங்கே அடக்கமாகியிருந்த கொரோவின் கல்லறைக்கு அருகிலே இடம் கிடைத்தது. படகோவியர் தோபிஞியும் பக்கத்திலேயே இருக்கின்றார்.